உறங்கும் கிருமி

குண்டடம் வட்டாரத்திலிருந்து சகோதரி ஒருவர், பெயர் குறிப்பிடாமல் மடல் வரைந்துள்ளார். திருப்பூர் பனியன் கம்பெனியொன்றில் பணிபுரியும் அவருடைய கணவருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு. மூன்றாண்டுகளாக மாத்திரை உட்கொண்டு வருகிறார். அண்மைப் பரிசோதனையில் இரத்தத்தில் கிருமி தென்படவில்லையாம். “மாத்திரை வாங்கச் செல்லும் நாளெல்லாம் கூலி போகிறது. இனி நிறுத்திவிடலாமா?” என வினவுகிறார்.

நிறுத்தலாகாது, சகோதரி. காரணத்தைக் கேளுங்கள்.

இக்கிருமி, நோயெதிர்ப்புக்குரிய சிடி4 வெள்ளையணுக்களுள் புகுந்து, அவற்றின் மரபுப் பொருளோடு தன்னைப் பிணைத்துக் கொள்கிறது. அவ்வணுக்களுள் பல, கிருமியைப் பெருக்கி மடிகின்றன. மிகச் சிலவோ ஓய்வு நிலையை அடைகின்றன. அவற்றினுள் கிருமி அரவமின்றி உறங்குகிறது. மாத்திரை பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி, உறங்குவதை அழிக்காது. பரிசோதனையோ இரத்தத்தில் உலவும் கிருமியை மட்டுமே காட்டும். இவ்வுண்மை 1997ஆம் ஆண்டிலேயே தெளிவாயிற்று. விழித்தெழவல்ல கிருமியைத் தாங்கிய அணு, ஓய்விலுள்ள பத்து இலட்சத்தில் ஏறத்தாழ ஒன்றே. எனினும் மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகிவிடும்.

உறங்குவதை ஒழிக்க வழியில்லையா? ஆயிரம் பனியன்களை மொத்தமாக எடையிட்டால், ஓட்டை விழுந்த ஒன்று புலப்படுமா? ஒவ்வொன்றாக விரித்தல்லவா பார்க்க வேண்டும்! அவ்வாறே ஆய்வாளர்கள் அணுக்களைத் தனித்தனியே பிரித்து ஆராய்கின்றனர். ஒரே வகை அணுக்களாயினும் ஒன்றுபோல் மற்றொன்றில்லை. ஒன்றில் கிருமி சிதைந்து கிடக்கிறது. இன்னொன்றில் முழுமையாக இருக்கிறது. ஒன்று தூண்டியதும் விழிக்கிறது. மற்றொன்று அதே தூண்டலுக்கு அசைவதில்லை. ஆதலின், அனைத்தையும் ஒரே மருந்தால் எழுப்பி அழிக்கும் முயற்சி இன்னும் கைகூடவில்லை.

எனினும் மனந்தளர வேண்டாம். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் இத்தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தபோது, இதற்கு மருந்தே இல்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் மாத்திரை விலையின்றிக் கிடைக்கிறது. நாள் தவறாது உட்கொண்டு, கிருமி தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியே தொற்றுப் பரவுவதில்லை என்பதும் உறுதியாகியுள்ளது.

உடல்நிலை சீராக உள்ளோருக்குப் பல மாத மாத்திரைகளைச் சேர்த்து வழங்கும் ஏற்பாடும் உண்டு. ஏ.ஆர்.டி. மையத்தில் தயங்காது கேளுங்கள். கூலி இழப்புக் குறையும், மாத்திரையும் தடைபடாது.