சொல்லிச் செய்யும் கார்

இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் 1909இல் தோன்றிய மார்கன் நிறுவனம், இன்றும் ஆஷ் மரச்சட்டத்தின் மீது அலுமினியத் தகடு போர்த்தி, பழைய தோற்றத்து ஸ்போர்ட்ஸ் கார்களைக் கைவேலையாகவே உருவாக்குகின்றது. நிறமும் இருக்கைத் தோலும் வாங்குபவர் விருப்பம். (ஒரு காலத்தில் இதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்!)

வீண்விரயம் என்பர் சிலர். தேவைக்கு மிஞ்சியதுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் நம் கவனத்துக்குரியது வேறு. இன்னும் உருவாகாத பொருளுக்குப் பேசப்படும் ஒப்பந்தம் இது. ஹனஃபி சட்ட அறிஞர்கள் இதனை 'இஸ்திஸ்னாஃ' என்று அனுமதித்தனர். பொருளின் தன்மைகள் ஐயமற வரையறுக்கப்பட வேண்டும், விலையைத் தவணையாகவும் தரலாம். ஷாஃபி மத்ஹபிலோ இது 'ஸலம்' விதிக்குள் அடங்கியாக வேண்டும்; முழுத்தொகையும் பேசிய அமர்விலேயே கைமாற வேண்டும்.

காருக்குத் தையல் நூலின் நிறம் வரை எழுதிக் கேட்கின்றனர். தச்சரிடம் கட்டில் செய்யச் சொல்லும் நாம், மரம் இன்னதென்றுகூட எழுதிக்கொள்வதில்லையே, ஏன்?