பூமித்தாய் வேண்டாம், பட்டா கொடுங்கள்

சுற்றுச்சூழல் நாள் வந்தால் போதும், எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரே பல்லவிதான். பெண்தான் இயற்கை, இயற்கைதான் பெண். பேச்சுப்போட்டியில் பரிசும் அதற்கே போகும். போளூரில் வாழ்ந்து, தமிழ் வகுப்பெடுத்துப் பிழைக்கிற நான் அதை ஏற்க மறுக்கிறேன். அந்தப் பல்லவி பெண்ணுக்கும் உதவாது, ஆற்றுக்கும் உதவாது.

பசுமை அரசியல் என்பது ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேலை யாருடையது, உரிமை யாருடையது?

1973இல் நார்வேயின் ஆர்னே நேஸ் 'ஆழ்சூழலியல்' பேசினார். மனிதருக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும் ஒவ்வோர் உயிருக்கும் தன்னளவில் மதிப்புண்டு என்றார். நல்ல சொல்தான். ஆனால் இவ்வழி வந்தவர்கள் 'மனித இனம்' என்று பொத்தாம்பொதுவாகக் குற்றம் சாட்டும்போது, சவ்வாது மலையில் சுள்ளி பொறுக்கும் பழங்குடிப் பெண்ணும் மலையைக் குடையும் முதலாளியும் ஒரே கூண்டில் ஏற்றப்படுகிறார்கள். ஆளற்ற காடு என்ற அமெரிக்கக் கனவை இங்கே நட்டால் காட்டை நம்பி வாழும் ஏழைகளே துரத்தப்படுவார்கள் என்று 1989இலேயே ராமச்சந்திர குஹா இடித்துரைத்தார்.

மர்ரே புக்சினின் 'சமூகச் சூழலியல்' நமக்கு இன்னும் நெருக்கமானது. மனிதரை மனிதர் அடக்கியதிலிருந்தே இயற்கையை அடக்கும் எண்ணம் பிறந்தது என்கிறார். ஊர்க்கிணறும் சேரிக்கிணறும் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் காட்டும் தீர்வு உள்ளூர் மக்கள் சபை. நம் ஊரில் சபை கூடினால் திண்ணையில் யார் உட்காருவார், தெருவில் யார் நிற்பார்? கிராமத்தைக் கொண்டாடாதீர்கள் என்று 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது சும்மா இல்லை.

சரி, நம்முடையது என்று சொல்லப்படும் சூழலியல் பெண்ணியம்? 1974இல் பிரான்சுவாஸ் தோபோன் அந்தச் சொல்லை உருவாக்கினார். அதே ஆண்டு இமயமலையின் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் தோழிகளும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்தார்கள். வந்தனா சிவாவும் மரியா மீஸும், பெண்ணின் கூலியற்ற உழைப்பையும் இயற்கையையும் மூலதனம் இலவசமாகவே உறிஞ்சுகிறது என்று காட்டினார்கள். அந்தக் கடன் எனக்குண்டு. ஆனால் சிவா அதைப் 'பிரகிருதி' என்றும் 'பெண்மைத் தத்துவம்' என்றும் ஆக்கும் இடத்தில் நான் விலகுகிறேன். பிரகிருதி யாருடைய சொல்? ஆண்டையின் மனைவிக்கும் அவர் வயலில் நாற்று நடும் தலித் பெண்ணுக்கும் ஒரே பிரகிருதியா? 1992இல் பீனா அகர்வால் தெளிவாகச் சொன்னார்: பெண்ணுக்கும் இயற்கைக்குமான உறவை அவள் உடல் தீர்மானிப்பதில்லை, அவள் செய்யும் வேலையும், அவளுக்கு இல்லாத சொத்தும், அவளுடைய வர்க்கமும் சாதியும் தீர்மானிக்கின்றன. நான் நிற்பது இந்தப் பக்கம்.

இப்போது புதிதாக ஒரு பசுமை கடைத்தெருவுக்கு வந்திருக்கிறது. கைத்தறிப் பட்டு இயற்கைக்கு உகந்தது என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆரணிப் பட்டு நூல் தறியேறுமுன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் பசை நீக்கப்படுகிறது, சாயத்தில் முக்கப்படுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, அந்த ஆவியில் யார் நிற்கிறார்கள் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 72 சதவீதம் பெண்கள். ஆனால் வீட்டில் நூல் இழைத்து, தார் சுற்றி, பாவுக்குக் கை கொடுப்பவளின் உழைப்பு, தறியில் உட்காரும் ஆணின் கூலிக்குள் கரைந்துவிடுகிறது.

நிலத்திலும் அதே கதைதான். எங்கள் மாவட்டத்தில், மேல்மா சுற்றுவட்டாரத்தில், செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு 3 ஆயிரம் ஏக்கருக்கு மேல் கேட்டார்கள். எதிர்த்த விவசாயிகளில் 7 பேர்மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. அந்தப் போராட்டம் நம்முடையது. ஆனால் அதற்குள்ளும் ஒரு கேள்வி உண்டு. நிலம் போனால் இழப்பீடு பட்டாக்காரருக்கு. களை பறித்தவளுக்கு என்ன? மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. ஆனாலும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் பெண்கள் நிர்வகிக்கும் நிலவுடைமைகள் சுமார் 14 சதவீதம்தான். பூமியைத் தாய் என்பவர்கள் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

தமிழ் படித்தவர்கள் உடனே திணையைக் காட்டுவார்கள். காட்டட்டும். ஆனால் தொல்காப்பியம் கருப்பொருளில் தெய்வத்தையும் மரத்தையும் மட்டுமா வைத்தது? தொழிலையும் வைத்தது. உழைப்பைக் கழித்துவிட்டுத் திணை பேசுவது அழகியல் மட்டுமே, அரசியல் ஆகாது.

எனவே தோழிகளே, பச்சைக்கொடியோடு யார் வந்தாலும் கேளுங்கள். பட்டா யார் பெயரில்? கூலி யார் கையில்? கூட்டத்தில் பேசுவது யார்? சாயத்தண்ணீர் யார் தெருவில்? இவற்றுக்குப் பதில் உள்ளவர்களோடு சேர்ந்து நடப்போம். நம்மைப் பூமித்தாய் என்று கும்பிட வருபவர்களிடம், கும்பிடு வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள் என்போம்.