கடைக்கு அடியில் ஒரு நகைப்பெட்டி

ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டது என்றால் வீட்டில் கை முதலில் எதைத் தேடும்? நகையைத்தானே! ஏறத்தாழ 1,950 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் கால்செஸ்டரில் ஒரு குடும்பமும் அதைத்தான் செய்தது.

லண்டனுக்கு வடகிழக்கே உள்ள பழைய சந்தை ஊர் கால்செஸ்டர். ரோமானியர்கள் பிரிட்டனைப் பிடித்ததும் அங்கேதான் தங்கள் முதல் தலைநகரை அமைத்தார்கள். ஐசினி இனத்து அரசி பூடிக்காவின் கணவர் இறந்ததும், அந்த நாட்டைச் சூறையாடினார்கள். அரசியைச் சாட்டையால் அடித்தார்கள். அவருடைய இரண்டு மகள்களையும் சீரழித்தார்கள். இதையெல்லாம் எழுதி வைத்திருப்பவரும் ஒரு ரோமானியர்தான், வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். கி.பி. 60 அல்லது 61இல் பூடிக்கா படை திரட்டி வந்தார். முதலில் எரிந்தது கால்செஸ்டர்.

அந்தத் தீ இன்றும் ஊருக்கு அடியில் இருக்கிறது. கடைத்தெருவில் ஆழமாகத் தோண்டினால் பல இடங்களில் செங்கல் நிறத்தில் ஒரு மண் அடுக்கு தென்படும். வீடுகளின் களிமண் சுவர்கள் வெந்து சரிந்த மிச்சம் அது.

இப்படிப்பட்ட ஊரில் இஷ்டப்படி அஸ்திவாரம் தோண்டிவிட முடியாது. கட்டட அனுமதியிலேயே நிபந்தனை போட்டுவிடுவார்கள். குழாய் பதிப்பது போன்ற சின்ன வேலை என்றால், ஒரு தொல்லியலாளர் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று, அள்ளும் மண்ணைக் கவனிப்பார். ஏதாவது தெரிந்தால் கையைக் காட்டுவார், வேலை நிற்கும். பெரிய கட்டடம் என்றால் முதலில் அகழாய்வு, பிறகுதான் கட்டுமானம். செலவு பொதுவாகக் கட்டுகிறவருடையது.

2014இல் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியை விரிவாக்கும் வேலை நடந்தது. கால்செஸ்டர் தொல்லியல் அறக்கட்டளையினர் ஆறு மாதம் தோண்டினார்கள். வேலை முடிய சில நாள்களே இருந்தபோது, ஒரு ரோமானிய வீட்டின் தரையில் சின்னக் குழி ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே தங்கக் காப்புகள், வெள்ளிச் சங்கிலி, வெள்ளி வளையல்கள், ஒரு பை காசு. ஒரு சின்னப் பெட்டியில் தங்கக் காதணிகளும் மோதிரங்களும். மண்ணோடு அப்படியே பெயர்த்து எடுத்துப்போய், ஆய்வுக்கூடத்தில் நிதானமாகப் பிரித்தார்கள்.

அந்த வீட்டில் பேரீச்சம்பழம், அத்தி, கோதுமை எல்லாம் கருகிக் கிடந்தன. சாப்பிட யாரும் இல்லை. அங்கே கிடைத்த மனித எலும்புகளில் கனமான ஆயுதம் வெட்டிய தடம் இருந்தது. அவை யாருடையவை என்று சொல்ல முடியாது. நகையை எடுக்க யாரும் திரும்பி வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் பணம். அவர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதே நகைகள் லாரி மண்ணோடு போய் எங்கோ கொட்டப்பட்டிருந்தால்? யாராவது கண்டெடுத்தாலும் அது வெறும் தங்கம். எரிந்த வீட்டின் தரைக்கு அடியில், அவசரமாகத் தோண்டிய குழியில் கிடந்ததால்தான் அந்தக் குடும்பத்தின் பதற்றம் நமக்குத் தெரிகிறது.

அந்த நகைகள் இப்போது கால்செஸ்டர் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் கோட்டை நிற்பது, பூடிக்கா வந்தபோது ஊர்க்காரர்கள் உயிருக்குப் பயந்து இரண்டு நாள் ஒளிந்திருந்த கிளாடியஸ் கோயிலின் அடித்தளத்தின் மேல்.