பெயர் மட்டும் மிஞ்சிய தூண்டிற்கோல்

— மூன்றாமாண்டு வணிகவியல் மாணவன்

கணக்குப் பதிவியல் வகுப்பில் 'நற்பெயர்' பாடம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாண்டுச் சராசரி இலாபத்தை எடுத்து, இரண்டால் பெருக்கி, விடையைக் கட்டம் கட்டி முடித்திருந்தோம். அப்போது எங்கள் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், சரி. அந்த நற்பெயர் இப்போது எங்கே இருக்கிறது? கடையிலா, கல்லாப்பெட்டியிலா, முதலாளியின் சட்டைப்பையிலா?" வகுப்பு சிரித்தது. விடை தெரியாத நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முந்திய கோடை விடுமுறையில் ஒடிந்துபோன ஒரு தூண்டிற்கோல்தான் அதற்குக் காரணம்.

எங்கள் ஊர் காவிரிக் கரையில் இருக்கிறது. என் பெரியப்பா தூண்டில் போடுவதில் வல்லவர். மூங்கிற் புதருக்குள் நுழைந்து, நின்ற நிலையிலேயே ஒரு கழியை வளைத்துப் பார்ப்பார். கணுவைத் தடவுவார். உளுத்த துளை இருக்கிறதா என்று விரலால் தேடுவார். வெட்டி வந்த கழியை அடுப்புக்கு மேலே பரணில் கிடத்திப் புகை குடிக்க விடுவார். ஒரு பருவம் கழித்துத்தான் அதில் தங்கூசி நரம்பு ஏறும். அவருடைய கோலுக்குப் பெயரும் கிடையாது, விலைச்சீட்டும் கிடையாது.

அவர் மகன், என் அண்ணன், திருப்பூரில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தவுடன் வெளிநாட்டுப் பெயர் பொறித்த கார்பன் கோல் ஒன்றை வாங்கி வந்தார். கறுப்பு வண்ணம், தங்க எழுத்து. கையில் எடுத்தால் இறகு போலக் கனம். இரண்டாம் நாள் ஒரு கட்லா மாட்டியது. பெரிய மீன்கூட அல்ல. 'படக்'கென்ற ஓசை, கோல் நடுவில் இரண்டாகிவிட்டது. மறுநாள் நானும் அண்ணனோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "தம்பி, பேரு அவிங்க பேருதான். கோலு எங்கிருந்து வருதுன்னு எனக்கே தெரியாதுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. பேர் ஓரிடம், பொருள் ஓரிடம் என்றால், வாங்குகிறவன் எதை நம்பி வாங்குகிறான்?

தூண்டிற்கோல் சின்னப் பொருள்தானே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்யலாம். ஆனால் நம்பிக்கையைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை என்பேன். அரிவாளைத் தட்டிப் பார்க்கலாம். வேட்டியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கலாம். கார்பன் கோலை என்ன செய்து பார்ப்பது? பிசின் ஊறிய கார்பன் துணியை அளவாக வெட்டி, எஃகுக் கம்பியின் மேல் சுற்றி, நாடாவால் இறுக்கி, உலையில் வேகவைத்து, பிறகு கம்பியை உருவிவிடுகிறார்கள். மிஞ்சுவது ஓர் உள்ளீடற்ற குழல். துணி ஓரிடத்தில் மடிந்திருந்தாலும், பிசின் சரியாக ஊறாமல் போனாலும் மேலே பூசிய வண்ணம் மறைத்துவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஈயக்குண்டு ஒருநாள் கோலில் இடித்தால் வெளியே கீறல்கூடத் தெரியாது. சில வாரம் கழித்து அதே இடத்தில் ஒடியும். அப்போது குற்றம் செய்தவனுடையதா, வைத்திருந்தவனுடையதா என்று யாரால் சொல்ல முடியும்?

வாங்குகிறவனுக்குத் தெரியாத குறை விற்கிறவனுக்குத் தெரிந்திருக்கும் சந்தையில் நல்ல பொருள் மெல்ல மெல்ல வெளியேறிவிடும் என்று ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்னும் பொருளியல் அறிஞர் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கேட்டுக்கு அவரே சொன்ன மாற்றுகளுள் உத்தரவாதமும் வணிகப் பெயரும் அடங்கும். கண்ணால் காண முடியாததற்குப் பெயர் பிணை நிற்கிறது. அந்தப் பிணையே கைமாறத் தொடங்கினால்?

இதற்கு ஹார்டி நிறுவனத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகே, நார்த்தம்பர்லாந்து மாவட்டத்தில் ஆல்னிக் என்றொரு சிற்றூர். அங்கே 1872இல் வில்லியம் ஹார்டி என்பவர் துப்பாக்கித் தொழிலில் இறங்கினார். தம்பி ஜான் ஜேம்ஸ் ஹார்டியும் சேர்ந்துகொண்டார். துப்பாக்கி செய்த கை விரைவில் தூண்டிற்கோலுக்குத் திரும்பியது. மூங்கிலைப் பிளந்து, முக்கோண வடிவமாகச் சீவிய ஆறு பிளாச்சுகளை ஒட்டி அறுகோணக் கோல் செய்வது அவர்கள் சிறப்பு. பிளாச்சின் கோணம் மயிரிழை பிசகினாலும் ஆறும் ஒட்டாது. அந்தக் காலத்து மேனாட்டுக் கோல்களுக்கான மூங்கிலில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து போனதுதான். கப்பலேறிய துறைமுகத்தை வைத்துக் 'கல்கத்தா மூங்கில்' என்றே அழைத்தார்கள். பின்னர்தான் சீனத்து டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. 'பாலகோனா' என்ற பெயரில் ஹார்டியின் கோல்கள் உலகமெங்கும் சென்றன.

நம் பக்கத்துத் தொடர்பையும் சொல்லியாக வேண்டும். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி எழுதிய நூல் 1873இல், ஹார்டி கடை திறந்த மறு ஆண்டே, வெளிவந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் காவிரியிலும் பவானியிலும் மஹசீர் மீனைத் தேடி அலைந்தார்கள். ஹார்டியின் விலைப்பட்டியல்களில் மஹசீருக்கான கருவிகளும் இடம்பெற்றன. நம் மூங்கில் கல்கத்தாவிலிருந்து போய்க் கோலாகித் திரும்பி வந்து நம் மீனைப் பிடித்தது! பருத்தியின் கதையை வரலாற்று வகுப்பில் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது.

அந்தக் கோல்களை மக்கள் ஏன் நம்பினார்கள்? அவை ஒடியவே ஒடியாது என்பதால் அல்ல. ஒடியாத கோல் உலகில் இல்லை. கோலின் அடியில் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைக் கொண்டு அது பிறந்த காலத்தை இன்றுகூடக் கணிக்கிறார்கள். ஒடிந்தால் ஆல்னிக்குக்கே அனுப்பலாம். செய்த பட்டறையே செப்பனிட்டுத் தரும். அதாவது பெயருக்குப் பின்னால் ஒரு முகவரி இருந்தது. முகவரியில் ஆட்கள் இருந்தார்கள். தவறு நேர்ந்தால் அவர்கள் முகம் சிவக்கும். என்னைக் கேட்டால், பேராசிரியர் தேடிய நற்பெயர் இருந்த இடம் அதுதான்.

மூங்கில் போய்ச் செயற்கை இழை வந்ததால்தான் நம்பிக்கை போயிற்று என்று சொல்வோர் உண்டு. நான் ஏற்கவில்லை. 1940களில் ஆர்தர் ஹோவால்ட் கண்டறிந்த முறையில் அமெரிக்காவின் ஷேக்ஸ்பியர் நிறுவனம் கண்ணாடியிழைக் கோல் செய்தது. (ஆங்கில இலக்கிய நண்பர்கள் திடுக்கிட வேண்டாம். இவர் கலமஸூ நகரத்து வில்லியம் ஷேக்ஸ்பியர். 1897இல் மீன்பிடிக் கருவித் தொழில் தொடங்கியவர். நாடகம் எதுவும் எழுதவில்லை.) தூண்டிற்காரர்கள் அதை மகிழ்ந்து வாங்கினார்கள். 1960களில் ஃபார்ன்பரோவிலிருந்த பிரிட்டிஷ் அரசின் விமான ஆராய்ச்சி நிலையம் வலுவான கார்பன் இழையை உருவாக்க, 1970களில் ஹார்டியே கார்பன் கோலுக்கு மாறியது. அப்போதும் பெயர் கெடவில்லை.

ஆசியாவில் செய்வதுதான் குற்றம் என்பது இன்னொரு கட்சி. இதில் கொஞ்சம் நிறத்திமிரும் கலந்திருக்கிறது என்பது என் ஐயம். ஜப்பானின் சக்காய் நகரில் 1921இல் மிதிவண்டிப் பல்சக்கரம் செய்யப் பிறந்த ஷிமானோ, 1970இல் மீன்பிடிக் கருவித் தொழிலில் இறங்கி, மேனாட்டுத் தூண்டிற்காரர்களின் நம்பிக்கையையே வென்றுவிட்டதே! ஆசியக் கை நல்ல கோல் செய்யாது என்றால் அது எப்படி நடந்தது?

அப்படியானால் எங்கே வழுக்கியது? உரிமையாளர் பட்டியலைப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு குடும்பத்தின் கையிலிருந்த நிறுவனம் 1967இல் ஹாரிஸ் அண்ட் ஷெல்டன் குழுமத்துக்குப் போனது. நாற்பத்தாறு ஆண்டுகள் அங்கே இருந்தது. 2013இல் அமெரிக்காவின் ப்யூர் ஃபிஷிங் வாங்கியது. அது ஏற்கெனவே ஜார்டன் நிறுவனத்தின் உடைமை. 2016இல் ஜார்டனை நியூவெல் விழுங்கியது. 2018இல் நியூவெல் ப்யூர் ஃபிஷிங்கை 130 கோடி டாலருக்கு சிக்கமோர் பார்ட்னர்ஸ் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. ஐந்தே ஆண்டுகளில் உச்சியிலிருந்த உரிமையாளர் மூன்று பேர்! அதே கூரையின் கீழ் ஷேக்ஸ்பியரும் இருக்கிறது. பிரான்சின் கடிகாரத் தொழில் ஊரான க்ளூஸில் பிறந்த மிட்செல்லும், ஸ்வீடனில் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கிய அபுவும், அமெரிக்காவின் ஃபென்விக்கும் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்ற பெயர்கள் இப்போது ஒரே அலமாரியில் சீட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய ஹார்டி கோல்கள் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. அவற்றுள் பாராட்டுப் பெறுபவை உண்டு. கோல் செய்யும் வேலை ஆசிய ஆலைகளுக்குப் போகத் தொடங்கியதும் 2013க்கு முன்புதான். அந்த விற்பனையில் நிறுவனமும் பெயரும் சேர்ந்தே போயின என்பதும் உண்மை. என் குறை வேறு. முன்பெல்லாம் பெயரைப் படித்தால் கோலைப் படித்ததாகும். இப்போது பெயரைப் படித்துவிட்டு, எந்த வரிசை, எந்த ஆண்டு, எந்த ஆலை என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. விசாரித்துத்தான் வாங்க வேண்டுமென்றால் பெயர் எதற்கு? பழைய ஹார்டிக் கோலைத் தேடி ஏலத்துக்குப் போய்க் காசைக் கொட்டுகிறவர்கள் இதைத்தான் சொல்லாமல் சொல்கிறார்கள்.

இத்தொழிலில் பொதுவாகப் பரவிவிட்ட இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை பழைய வரிசையை நிறுத்திப் புதிய பெயரில் ஒன்று விடுகிறார்கள். நுனித்துண்டு ஒடிந்தவனுக்கு அதே நுனி கிடைப்பதில்லை. ஆயுள் உத்தரவாதம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள்; ஆனால் செப்பனிடும் கை இருக்காது. வேறொரு கோலை அனுப்பிக் கட்டணமும் கேட்பார்கள். ஐந்தாண்டு கைப்பழக்கத்தை எந்தப் பொட்டலத்தில் கட்டி அனுப்புவது?

விடுதியில் இதைச் சொன்னபோது அறை நண்பன் ஒருவன் கேட்டான்: "விற்காவிட்டால் அந்தக் கம்பெனியே மூடியிருக்கும். பெயராவது பிழைத்ததே?" கனமான கேள்விதான். சில நிறுவனங்களுக்கு அது பொருந்தவும் கூடும். ஆனால் பிழைத்தது எது என்பதையும் பார்க்க வேண்டாமா? ஒரு காலத்தில் இங்கிலாந்துச் சட்டப்படி வணிகச் சின்னத்தைத் தொழிலின் நற்பெயரோடு சேர்த்துத்தான் மாற்றிக்கொடுக்க முடியும். 1938ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. நம் நாட்டு 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டமும் நற்பெயரோடோ நற்பெயர் இல்லாமலோ சின்னத்தை ஒப்படைக்க இடம் தருகிறது. வணிகச் சட்டத் தாளில் இதை நான் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். அண்ணனின் கோல் ஒடிந்த பிறகே அதன் பொருள் விளங்கியது. உயிரைத் தனியே வைத்துவிட்டுச் சட்டையை மட்டும் விற்கலாம் என்று சட்டம் சொல்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கணக்கேடு இதைத் தாமதமாகவேனும் கண்டுகொள்கிறது. விலை கொடுத்து வாங்கிய நற்பெயரின் மதிப்பு இறங்கிவிட்டதா என்று ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பது இன்று பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கியல் தரம். ப்யூர் ஃபிஷிங்கை விற்ற அதே 2018இல் நியூவெல், தன்னிடமிருந்த பல தொழில்களின் நற்பெயரையும் சின்னங்களையும் பல நூறு கோடி டாலர் குறைத்து எழுதியது. தூண்டிற்கோலால் மட்டும் வந்த இறக்கம் அல்ல அது. பேனா முதல் சமையல் பாத்திரம் வரை பல பெயர்கள் அந்த வீட்டில் இருந்தன. ஆனாலும் ஆற்றங்கரையில் ஒருவன் ஒரு நொடியில் எழுதிவிடும் பதிவைத் தணிக்கையாளர் எழுத எத்தனை ஆண்டுகள் ஆகின்றன பாருங்கள்.

அண்ணன் கோலை எறிந்துவிடவில்லை. பெரியப்பா அதன் நுனிப்பாதியை வாங்கிப் பார்த்தார். "நுனி நல்லாத்தாண்டா இருக்குது" என்று பரணிலிருந்து ஒரு மூங்கில் அடியை எடுத்து, அதில் செருகி, நூல் சுற்றி, அரக்கு வைத்துக் கட்டிக் கொடுத்தார். பொங்கல் விடுமுறையில் அதில்தான் கெளுத்தி பிடித்தோம். தங்க எழுத்தில் பெயர் இருந்த அடிப்பாதியைப் பெரியம்மா எடுத்துப்போய் அவரைக்கொடிக்கு ஊன்றியிருக்கிறார்.