மொட்டைமாடிக்கும் வெள்ளையடியுங்கள்!



சித்திரை மாதம், இரவு ஒன்பது மணி என்று வைத்துக்கொள்வோம். சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. தெருத் திண்ணையில் உட்கார்ந்தால் காற்று இதமாகவே இருக்கிறது. வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தைப் பிரித்து மின்விசிறியைச் சுழலவிட்டால் மட்டும் தலைமேல் அனல் இறங்குகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் கான்கிரீட் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெயிலே இல்லாத நேரத்தில் இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கூரையிலிருந்துதான் வருகிறது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குடிசைகளுக்குப் பதிலாகக் கட்டப்படும் ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் கூரை 300 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். கனம் 12 சென்டிமீட்டர் என்று கொண்டால் கூரையின் பருமன் சுமார் 3.4 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை 2400 கிலோகிராம். ஆகவே உங்கள் தலைக்கு மேலே எட்டு டன் எடையுள்ள ஒரு தோசைக்கல் இருக்கிறது! ஒரு கிலோகிராம் கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 0.88 கிலோ ஜூல் வெப்பம் தேவை. காலையிலிருந்து மாலைக்குள் கூரை முழுவதும் சராசரியாக 20 டிகிரி சூடேறினால் அதில் தேங்கும் வெப்பம், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை 39 மணி நேரம் ஓடவிட்டால் கிடைக்கும் வெப்பத்துக்குச் சமம்.

தோசைக்கல் அடுப்பை அணைத்ததும் ஆறிவிடுவதில்லை அல்லவா? இந்தக் கல்லும் அப்படித்தான். மேலும், மேற்பரப்பில் விழும் வெப்பம் 12 சென்டிமீட்டர் கான்கிரீட்டைக் கடந்து அடிப்பக்கம் வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிற்பகல் இரண்டு மணி வெயிலை நாம் ஐந்தரை மணிக்குத்தான் வீட்டுக்குள் பெறுகிறோம். அதன்பின் கூரை இரவு முழுவதும் ஆறிக்கொண்டே இருக்கிறது. மேலே வானத்துக்கும் கீழே நமக்கும் அது வெப்பத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. நாம் விசிறியைப் போட்டு, கூரையை ஒட்டியிருக்கும் சூடான காற்றைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொள்கிறோம்.

நான் பிறந்தது திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில், நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில். பனங்கை வைத்து, அதன்மேல் சட்டம் அடித்து, ஓட்டை இரண்டு மூன்று அடுக்காக அடுக்கியிருப்பார்கள். ஓடுகளுக்கு இடையே காற்று புகுந்து புறப்படும். ஓடு மெல்லியது, அதனால் வெயில் தாழ்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா கடன் வாங்கி அதை இடித்துக் கான்கிரீட் போட்டார். தேளுக்கும் ஒழுகலுக்கும் விடிவு வந்தது என்று ஊரே பாராட்டியது. அந்த ஆண்டு கோடையில் நாங்கள் எல்லோரும் மாடியில் படுத்தோம். வீடு கட்டிவிட்டு வீட்டுக்கு வெளியே படுக்கிறோமே என்று ஆச்சி கேட்டார். அதற்கு அப்போது யாரும் பதில் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு, “பழையபடி மண் வீடு கட்டுங்கள் என்று சொல்ல வருகிறார்” என நீங்கள் நினைக்கலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பசுமைக் கட்டடம் பற்றிப் பேசுவோர் சிலர் மண்ணை எல்லா ஊருக்கும் ஒரே மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்கள். ஆரோவில்லில் மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுடாமலே கல் செய்கிறார்கள். அழகாகவும் உறுதியாகவும் இருக்கிறது. ஆனால் அது அங்குள்ள செம்மண். நம்முடையது கரிசல். மழையில் ஊதிப் பருத்து, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும் மண். தண்ணீரை உறிஞ்சித் தன் அடுக்குகளுக்குள்ளே தேக்கிக்கொள்ளும் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம்தான் காரணம். இந்த மண்ணால் சுவர் வைத்தால் இரண்டு கோடையில் விரிசல் காணும். கரிசல் விவசாயிக்குத் தாய், கொத்தனாருக்குத் தலைவலி. சுவருக்குத் தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லை வைக்கலாம். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமுறையில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே காற்றிடைவெளி விட்டுக் கட்டினால் நூற்றுக்கு 25 பங்கு அளவு செங்கல் மிச்சமாகும். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் இனிமேல் கட்டப்போகிறவர்களுக்குத்தான் இவை உதவும். ஏற்கெனவே கட்டிக் குடியிருப்பவர்கள் என்ன செய்வது? நடுப்பகல் வெயில் செங்குத்தாக விழுவது சுவர்மீதா, கூரைமீதா?

கூரைதான் முதல் வேலை என்பது என் கருத்து. அதற்கு வேண்டிய பொருள் வெகுதூரத்தில் இல்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் பந்தல்குடி இருக்கிறது. அங்கே பூமிக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதை வெட்டிச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கிளிங்கர் கிடைக்கும்; அதை அரைத்தால் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கர் உண்டாகும்போது, கல்லிலிருந்து மட்டுமே அரை டன்னுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு வெளியேறுகிறது. எரிக்கும் நிலக்கரியின் புகை தனிக் கணக்கு.

அதே கல்லைத் தனியாக, 900 டிகிரி அளவில் காளவாசலில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. 100 கிராம் சுண்ணாம்புக்கல்லில் 44 கிராம் கரியமில வாயுவாகப் போக, 56 கிராம் மிஞ்சும் என்று உங்கள் வேதியியல் பாடத்தில் கணக்குப் போட்டிருப்பீர்கள். சுண்ணாம்பும் குற்றமற்றதன்று என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரிலோ மாடியிலோ பூசினால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. வெள்ளையடித்த மறுநாள் சுவரில் தேய்த்தால் கையில் ஒட்டுவதும், சில வாரம் கழித்து அவ்வளவாக ஒட்டாததும் இதனால்தான். மேலும், ஒரு சிறிய வீட்டு மாடிக்கு ஒரு மூட்டைச் சுண்ணாம்பு தாராளம்.

இனி, அந்த வெள்ளை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கோடை நடுப்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. பழகிப்போன சாம்பல்நிறக் கான்கிரீட் அதில் நூற்றுக்கு 70 பங்கை உறிஞ்சும். புதிதாக அடித்த வெள்ளை 25 பங்கு அளவையே உறிஞ்சும். நம் 28 சதுர மீட்டர் கூரைக்கு முதல் கணக்கு சுமார் 20 கிலோவாட். இரண்டாவது 7 கிலோவாட். உறிஞ்சியதெல்லாம் வீட்டுக்குள் வராது. பெரும்பகுதி காற்றோடு போகும். அப்படியிருந்தும் 13 கிலோவாட் வேறுபாடு சிறியதன்று. ஒரு பைசா மின்சாரம் செலவில்லை.

இதில் என்னை எப்போதும் வியக்க வைக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. சுண்ணாம்பு நம் கண்ணுக்கு வெள்ளை. ஆனால் சூடான பொருள்கள் இரவில் வெளிவிடும் நீண்ட அலைநீள அகச்சிவப்புக் கதிரைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய கறுப்பு! நல்ல உறிஞ்சி நல்ல உமிழ்வான் என்ற கிர்க்காஃப் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பகலில் வெயிலைத் திருப்பி அனுப்பும் அதே பூச்சு, இரவில் கூரையின் வெப்பத்தைத் தாராளமாக வானத்துக்கு அனுப்பிவிடுகிறது. நம் வானம் பல மாதங்கள் மேகமின்றி இருப்பது மழைக்குக் கெடுதல்; இந்த வேலைக்கு அதுவே உதவி. பளபளப்பான தகரத்துக்கு இந்தக் குணம் இல்லை. அது வெயிலை ஓரளவு திருப்பினாலும் தன் சூட்டை எளிதில் உமிழாது. தகரத்துக்கடியிலும் சிமெண்ட் தகட்டுக்கடியிலும் பகல் முழுவதும் தறி ஓட்டுகிற நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் உங்களில் இருப்பீர்கள். உங்கள் கூரைக்கும் வெள்ளை பொருந்தும். சிமெண்ட் தகடு பழைய ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டக்கூடாது, மேலே ஏறவும் கூடாது. நீண்ட கம்பில் கட்டிய மட்டையால் பூசவேண்டும்.

வெள்ளை மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. வெள்ளை, கூரைக்குள் நுழையும் வெப்பத்தைக் குறைக்கிறது. நுழைந்த வெப்பம் கடந்து செல்லும் வேகத்தை மாற்றுவதில்லை. வீடுகளுக்காக இந்திய அரசு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரையின் வெப்பக் கடத்து அளவு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் கூரைக்குக் கணக்கிட்டால் 3.5 வருகிறது. ஏறத்தாழ மூன்று மடங்கு! இதைக் குறைக்க, மாடித் தளத்தின்மேல் மண்கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புக் காரையும் நிரப்பி, மேலே சதுர ஓடு பதிக்கும் முறை இருக்கிறது. கலயத்துக்குள் அடைபட்ட காற்றுதான் தடுப்புச் சுவர். வசதி உள்ளவர்கள் அதைச் செய்யட்டும். வசதி இல்லாதவர் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் வாதம்.

தமிழக அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. நான் மேலே கணக்கிட்டது அந்த அளவைத்தான். குடிசை எரிந்து பாடப்புத்தகம் சாம்பலான பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே கான்கிரீட் கூரையை நான் குறைகூற மாட்டேன். ஆனால் வீட்டின் சுவருக்கு வர்ணம் அடித்துப் புகைப்படம் எடுத்து முடிக்கும்போது, அதே ஏணியில் ஏறி மாடிக்கும் இரண்டு பூச்சு வெள்ளை அடிக்க ஒரு நாள் கூலியும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் போதும். அது ஏன் மதிப்பீட்டில் ஒரு வரியாக இடம்பெறக்கூடாது? ஆமதாபாத் நகரம் 2017-இலேயே ஏழைகள் வாழும் பகுதிகளில் கூரைக்கு வெள்ளை பூசத் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அரசு கட்டித்தரும் வீடுகளும் அதில் அடங்கும். சுண்ணாம்புக்கல்லின்மேலே உட்கார்ந்திருக்கும் நாம் பின்தங்கியிருக்கிறோம். மாடி யார் கண்ணுக்கும் படுவதில்லை, விருந்தாளி பார்ப்பது சுவரை. இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மழையில் கரைந்துவிடாதா என்று கேட்பீர்கள். கரையும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். நம் முன்னோர் பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடித்தார்கள். அந்த வெள்ளை மாடிக்கும் அப்போதே ஏறினால் கோடை முழுவதும் நிற்கும். வடிகட்டிய சோற்றுக்கஞ்சி அல்லது கோந்து கொஞ்சம் சேர்த்தால் பிடிப்பு கூடும். வைகாசிக் காற்றில் கரிசல் புழுதி படிந்து வெள்ளை மங்கும். ஒருமுறை பெருக்கிவிட்டால் போதும். ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். நீற்றும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். அல்லது நீற்றிய சுண்ணாம்புத் தூளாகவே வாங்குங்கள்.

என் சொல்லை அப்படியே நம்பவேண்டாம், செய்து பாருங்கள். ஒரே சூளையில் சுட்ட இரண்டு சதுர ஓடுகளை எடுத்து ஒன்றுக்கு மட்டும் இரண்டு பூச்சு வெள்ளை அடித்துக் காயவிடுங்கள். இரண்டையும் வைக்கோல்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பள்ளி ஆய்வகத்தின் வெப்பமானியை ஒவ்வொன்றின் அடியிலும் செருகி, காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணிவரை மணிக்கு ஒருமுறை அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். இரு கோடுகளும் எந்த மணியில் மிக அதிகமாக விலகுகின்றன, சூரியன் மறைந்தபின் எப்போது ஒன்றுசேர்கின்றன என்பதைக் கவனியுங்கள். வரைந்த தாளை வீட்டில் பெரியவர்களிடம் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு குறை உண்டு. வெள்ளையடித்த மாடியில் நடுப்பகல் கண் கூசுகிறதாம், வற்றலும் முன்போல் சுருக்கக் காய்வதில்லையாம். நியாயமான புகார். அதனால் தென்கிழக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறோம். நடுப்பகலில் செருப்பில்லாமல் அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை.