சொல்லும் பொருளும்: கெப்பாசிட்டேட்

இளைஞர்களைக் ‘கெப்பாசிட்டேட்’ செய்ததாகத் தொண்டு நிறுவன அறிக்கைகள் கூறுவதை அன்பர்கள் கண்டிருக்கலாம். அகராதியில் உள்ள சொல்லே. எனினும் ஆங்கிலேயர் நாவில் அரிது. (செயலிழக்கச் செய்தலைக் குறிக்கும் எதிர்ச்சொல்லாகிய ‘இன்கெப்பாசிட்டேட்’ அங்கு மிகப் பழக்கமானது என்பது விந்தையே!) ‘கொள்ள வல்ல’ எனப் பொருள்படும் ‘காப்பாக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல் இதன் வேர், மின்னூட்டத்தைக் கொள்ளும் கெப்பாசிட்டரும் இதற்கு உறவே.

‘எனேபிள்’ என்பது வாய்ப்பளித்தலையும் குறிக்கும். இதுவோ திறனை உண்டாக்குதலை. ஓசூர் சிப்காட் ஆலையொன்றில் இளைஞனுக்கு வாயில் அனுமதிச் சீட்டு அளிப்பது முன்னது. கடைசல் இயந்திரத்தைத் தானே இயக்கக் கற்பிப்பது பின்னது. ஒப்பந்தக் கூலியாய் ஆண்டுக்கணக்கில் பெட்டி மட்டுமே சுமந்தவனைக் குறித்து இவ்வினையை எழுதுவது பொய்யாகும்.

தமிழில் ‘திறம்பெறச் செய்தல்’ எனலாம் என்பது நம் கருத்து. ‘ஆற்றுப்படுத்தல்’ வேறு, அது வழிகாட்டுதல்.