எண்ணிப் பார்த்தல்



ஞாயிறு மாலைகளில் நம் சங்கத்தின் சிறிய அறையில் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர்க்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருவதை அன்பர்கள் அறிவீர்கள். யான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். நாள்தோறும் எண்களோடு பழகும் பழக்கம் ஒன்றே எனக்குள்ள தகுதி. ஆகவே இத்திங்கள் யான் எழுதப் புகுவதில் பிழை காணும் கணித ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

சில வாரங்களுக்கு முன் பத்தாம் வகுப்பில் பயிலும் பெண் ஒருத்தி வகுப்பு முடிந்த பின்னும் வீட்டிற்குப் போகாமல் நின்றாள். அவள் தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் சிறு வணிகம் செய்பவர். என்ன வேண்டும் என்று கேட்டேன். சற்றுத் தயங்கிப் பின் சொன்னாள்:

"மாமா, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது, உங்கள் கூட்டத்தின் சராசரியே அவ்வளவுதான் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அது மெய்தானா? பதினோராம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்."

சொன்னவர் யார் என்று யான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சினம் வந்திருக்குமேயன்றி விடை வந்திராது. அதற்குள் வாயிலில் நின்ற சிறுவன் ஒருவன், "இராமாநுசன் யார்? தமிழர்தானே!" என்று உரக்கக் கூறினான். எனக்கும் மார்பு நிமிர்ந்தது. 1887இல் ஈரோட்டில் பிறந்து உலகக் கணித அறிஞர்களை வியக்க வைத்த அம்மேதையின் பெயரைச் சொல்லி அப்பெண்ணை அனுப்பிவிடலாம் என்றே எண்ணினேன்.

ஆனால் அன்று இரவு படுத்தும் உறக்கம் வரவில்லை. ஒருவர் கணக்கில் தவறியதைக் கண்டு ஓரினமே கணக்கறியாது என்பது பிழை. அங்ஙனமாயின், ஒருவர் மேதையாய் விளங்கியதைக் கண்டு ஓரினமே கணக்கில் வல்லது என்பது மட்டும் எவ்வாறு சரியாகும்? இரண்டும் ஒரே குற்றம். ஒன்று நம்மைச் சுடுகிறது, மற்றொன்று நமக்கு இனிக்கிறது, அவ்வளவே. இரு மக்கள் தொகுதிகளை ஒப்பிடுவது எப்படி என்பதை இப்பிள்ளைகளுக்கு முறையாகக் கற்பித்தாலன்றி அப்பெண்ணின் கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது என்று தெளிந்தேன். அடுத்த நான்கு ஞாயிறுகளும் அதற்கே சென்றன.

முதல் ஞாயிறு 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 5 கோடியே 18 இலட்சம் பேர். கேரளத்தில் 2 கோடியே 81 இலட்சம் பேர். "எழுத்தறிவில் எந்த நாடு முந்தியது?" என்று கேட்டேன். "தமிழ்நாடு" என்று கைதட்டினார்கள். பிறகு மொத்த மக்கள் தொகையைக் கரும்பலகையில் எழுதினேன். தமிழ்நாடு 7 கோடியே 21 இலட்சம். கேரளம் 3 கோடியே 34 இலட்சம். ஆள் மிகுந்த வீட்டில் உலையரிசி மிகுதியாகத்தானே இருக்கும்! நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் கேரளம் 94, தமிழ்நாடு 80. கைதட்டல் அடங்கியது. அளவில் ஒவ்வாத இரு கூட்டங்களை மொத்தத்தால் ஒப்பிடலாகாது, விகிதத்தால் ஒப்பிட வேண்டும் என்பது முதற்பாடம்.

இவ்விகிதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 1991 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரை மட்டுமே கொண்டு எழுத்தறிவு விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். மொத்த மக்கள் தொகையால் வகுத்தால் வேறு எண் வரும். எழுத்தறிந்தோர் என்பதன் பொருளும் வரையறுக்கப்பட்டுள்ளது: ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் வல்லவர் எவரோ அவர். ஆதலால் இந்நகரில் மலையாளம் ஓரெழுத்தும் அறியாது தமிழ் மட்டும் படிக்கும் நம் பாட்டியாரும் கேரளத்தின் அந்த 94இல் அடங்குவார். இதனைச் சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை யான் மறவேன். இரு பக்கமும் ஒரே படியால் அளந்தார்களா என்று கேட்பது இரண்டாம் பாடம்.

அடுத்த வாரம், "அப்படியானால் தமிழ்நாட்டார் எழுத்தறிவில் பின்தங்கியவர்தாமே?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. 80 என்பது தமிழ்நாடு முழுமைக்கும் சேர்த்துச் சொன்ன எண். எல்லா மாவட்டமும் 80இல் நிற்கின்றன என்பது அதன் பொருளன்று. 2011இல் தருமபுரி மாவட்டத்தில் ஏறத்தாழ 69. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 92. கேரளத்தில் கோட்டயம் ஏறத்தாழ 97. பாலக்காடு ஏறத்தாழ 89. ஆகப் பின்தங்கியதாகச் சொல்லப்பட்ட மாநிலத்தின் ஒரு மாவட்டம், முந்தியதாகச் சொல்லப்பட்ட மாநிலத்தின் ஒரு மாவட்டத்தைவிட மேலே நிற்கின்றது! எல்லைக்கோட்டின் இப்புறத்தார் அனைவரும் மேல், அப்புறத்தார் அனைவரும் கீழ் என்பது எங்கே போயிற்று?

கன்னியாகுமரியின் கதையை நம்மவர் பலரும் அறிவர். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன் அவை திருவிதாங்கூரின் பகுதிகள். 1875இல் திருவிதாங்கூர் அரசுக்காக வி. நாகம் அய்யா நடத்திய மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அகத்தீசுவரத்தாரும் திருவனந்தபுரத்தாரும் ஒரே ஏட்டில் எண்ணப்பட்டவர்கள். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற 1817ஆம் ஆண்டின் ராணி கௌரி பார்வதி பாயியின் ஆணையும், நாகர்கோவில் பகுதியில் கிறித்தவப் பணியாளர் தொடக்கிய பள்ளிகளும் அவ்வட்டத்து மக்களுக்கும் உரியவையாய் இருந்தன. அவர்களிற் பெரும்பாலோர் பேசியது தமிழே. ஆக ஓரினத்தின் மொழி அதன் எழுத்தறிவை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. பள்ளிக்கூடம் எப்போது வந்தது, யார்க்கெல்லாம் அதன் கதவு திறந்தது என்பதே பெரிதும் வேறுபாட்டை உண்டாக்கிற்று. நாகர்கோவில் நிலையம் இன்றும் திருவனந்தபுரம் இரயில்வே கோட்டத்தைச் சேர்ந்ததே. தண்டவாளம் எல்லைக்கோட்டைக் கண்டு நிற்பதில்லை, எண்களும் அப்படியே.

மூன்றாம் ஞாயிறு சராசரியின் உள்ளே புகுந்து பார்த்தோம். அதற்கு என் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் புனைந்து கொண்டேன். முதல் வண்டி ஐந்து நாட்களில் முறையே 9, 10, 10, 11, 10 நிமிடம் தாமதமாக வருகிறது. இரண்டாம் வண்டி நான்கு நாள் நேரம் தவறாமல் வந்து, ஐந்தாம் நாள் 50 நிமிடம் தாமதிக்கிறது. இரண்டிற்கும் சராசரித் தாமதம் 10 நிமிடமே. ஆயினும் இரண்டும் ஒன்றா? முதல் வண்டிக்குப் பத்து நிமிடம் பிந்திப் புறப்படுபவன் பெரும்பாலும் அதைப் பிடித்துவிடுவான். இரண்டாவதற்கு அப்படிப் புறப்படுபவன் நான்கு நாள் வண்டியைத் தவறவிடுவான்!

ஒவ்வொரு நாளின் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, அவ்விலக்கங்களுக்கும் சராசரி எடுத்தால் பரவலின் அளவு கிடைக்கும். முதல் வண்டிக்கு அது 0.4 நிமிடம், இரண்டாவதற்கு 16 நிமிடம். எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் முதல் வண்டிக்கு 10, இரண்டாவதற்கு 0. ஒரு நாளின் பெருந்தாமதம் சராசரியை இழுத்துச் சென்றது. நடுவெண்ணை அசைக்க அதனால் இயலவில்லை. சராசரியை மட்டும் சொல்லிப் பரவலைச் சொல்லாதவன் பாதிக் கணக்கையே சொன்னவன்.

பின்னர் இரு தெருக்களைக் கற்பனை செய்துகொண்டோம். ஒரு தெருவின் ஐந்து பிள்ளைகள் இருபதுக்குப் பெற்ற மதிப்பெண் 8, 10, 12, 14, 16, சராசரி 12. மற்றத் தெருவில் 10, 12, 14, 16, 18, சராசரி 14. இரண்டாம் தெருவே உயர்ந்தது எனலாமா? இரு தெருவிலும் சராசரி விலக்கம் 2.4. தெருக்களுக்கு இடையே உள்ள வேறுபாடோ 2. ஒரே தெருவுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு, இரு தெருக்களுக்கு இடையே உள்ளதைவிட மிகுதி என்றாகிறது. "14 மதிப்பெண் பெற்ற பிள்ளை எந்தத் தெரு?" என்று கேட்டேன். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. முதல் தெருவின் சராசரி 12க்குப் பதில் 6 ஆக இருந்தால், வேறுபாடு 8. அது பரவலின் மூன்று மடங்கிற்கும் மேல். அப்போது இரு கூட்டமும் பெரும்பாலும் பிரிந்தே நிற்கும். வேறுபாட்டைத் தனியே பார்த்துப் பெரிது சிறிது என்னாமல், பரவலோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் ஞாயிறு இரண்டு பிஸ்கட் டப்பாக்களைக் கொண்டு சென்றேன். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய இருபது சீட்டுகள். ஒரு டப்பாவிலிருந்து ஐந்து சீட்டு எடுத்துச் சராசரி காண வேண்டும். பின் சீட்டுகளை உள்ளே இட்டுக் குலுக்க வேண்டும். முதல் முறை இடப்புற டப்பா முந்திற்று. "இடப்புறத்தார் அறிவாளிகள்" என்றான் ஒருவன். அடுத்த முறை வலப்புறம் முந்திற்று. வாதம் வலுத்தது. அப்போது அந்தப் பெண் எழுந்து வந்தாள்; ஒன்றும் பேசாமல் இரு டப்பாக்களையும் மேசைமேற் கவிழ்த்துச் சீட்டுகளை வரிசைப்படுத்தினாள். இரண்டிலும் 1 முதல் 20 வரை, ஒரே எண்கள்! அறையில் சிரிப்பு எழுந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்படியானால் மாமா, ஒன்றுமே வேறுபாடு இல்லாதபோதும் வேறுபாடு இருப்பதுபோல் தோன்றும், அல்லவா?"

ஆம். தற்செயலாலும் வேறுபாடு தோன்றும். சீட்டுகளை ஐந்துக்குப் பதில் பத்தாக எடுத்தால் அந்த ஊசல் குறையும் என்பதையும் செய்து பார்த்தோம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், மெய்தான். ஆனால் அடியில் தீய்ந்து மேலே வேகாத பானையில் மேலாக எடுத்த பருக்கை யாது சொல்லும்? எங்கும் கலந்து எடுத்தால்தான் மாதிரி மெய்யைக் காட்டும். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிசு, இம்முறையைப் பெரிய அளவில் நம் நாட்டில் வளர்த்தார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு அதன் பயனே. வீடுவீடாக எல்லாரையும் கேளாமல், முறையாகத் தேர்ந்த சிலரைக் கேட்டு நாட்டின் நிலையை அறியலாம் என்று அது காட்டிற்று. தேர்வு முறையாக இருக்க வேண்டும் என்பதே அதன் உயிர்.

இனி அப்பெண்ணின் கேள்விக்கு வருவோம். "தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது" என்றவரை அவளே நான்கு வினா கேட்கலாம். எத்தனை பிள்ளைகளைப் பார்த்தீர்கள், அவர்களை எப்படித் தேர்ந்தீர்கள்? இரு பக்கத்தாருக்கும் ஒரே தேர்வை, அவரவர்க்குத் தெரிந்த மொழியில் வைத்தீர்களா? சராசரிகளின் இடைவெளி எவ்வளவு? ஒவ்வொரு கூட்டத்தின் பரவல் எவ்வளவு? இந்நான்கிற்கும் விடை இல்லாத சொல் வெறும் பேச்சே.

ஒன்று மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும். இந்நான்கையும் கேட்ட பின்னும் பெரிய வேறுபாடு தெரியுமானால், அதை மறைப்பது நமக்கு நன்மை தராது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் மற்றொரு மொழி என்று அல்லாடும் பிள்ளைகள் நம்மிடை உண்டு. மாலையில் தந்தைக்குக் கடையில் துணைநிற்கும் பிள்ளைகளும் உண்டு. காரணத்தைத் தேடித் திருத்தவே எண்கள் நமக்கு உதவ வேண்டும். பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்துவதற்கு அல்ல. கூட்டத்தின் சராசரி கூட்டத்தைப் பற்றியது. முன்னே நிற்கும் ஒரு பிள்ளையைப் பற்றி அது தீர்ப்புச் சொல்லாது.

சென்ற வாரம் அவள் தந்தையார் கடையில் என்னைக் கண்டு, "ஏன் தம்பி, பாப்பா கணக்குப் பிரிவுதான் வேண்டும் என்கிறாளே, அவளுக்கு அது ஒத்துவருமா?" என்று கேட்டார். "அண்ணாச்சி, அதை யானும் அறியேன், நீங்களும் அறியீர்கள், அவள் படித்துப் பார்த்தாலன்றி ஒருவரும் அறியார்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அப்படியானால் படிக்கட்டும்" என்று சொல்லித் தராசை எடுத்தார்.

2021இல் நடந்திருக்க வேண்டிய நாட்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டுள்ளது. எண்ணுவோர் நம் வாயிலுக்கு வரும்போது, தாய்மொழி, கல்வி, வயது என அவர் கேட்பனவற்றிற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாம் தவறாகச் சொன்னால் நாளை நம் பிள்ளைகள் செய்யும் ஒப்பீடும் தவறாகும்.

பிஸ்கட் டப்பாக்கள் சங்க அறையிலேயே உள்ளன. வரும் ஞாயிறு மாலை உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள். பெரியவர்களும் வரலாம், சீட்டுகள் போதுமான அளவு உண்டு.